நான்காம் வரி

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் மேஸ்திரி வையாபுரியைப் பதினொரு தடவை கூப்பிட்டது. செங்கோடனை ஒரே ஒரு தடவை. அதுவும் கம்ப்ரசர் மூடியின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டீ டம்ளரை எடுக்கச் சொல்லி.

செங்கோடன் போய் எடுத்தான். அது வையாபுரி குடித்துவிட்டு வைத்த டம்ளர் என்று தெரிந்ததும், டீயே குடிக்காத அவன் வாயில் கசப்பு ஏறியது.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியை ஓட்டுகிற எந்திர அறிவு. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டிகளில் முன்பெல்லாம் டிரில்லர் என்று ஒருவர் நின்று ஏழெட்டுப் பேரை ஏவிக்கொண்டிருப்பார். இப்போது அந்த இடத்தில் ஒரு இரும்புப் பெட்டி, ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி. தண்ணீர் ஆயிரத்து நானூறு அடிக்குக் கீழே ஓடி ஒளிந்துகொண்ட காலம் இது. அவ்வளவு ஆழத்துக்கு இரும்பு ராடு மேல் ராடாக மாட்டி இறக்க மேஸ்திரிக்குத்தான் பொறுமை உண்டு. ஆட்களில் மூன்று பேர் போதும் என்றாகிவிட்டது. ராய்ச்சூருக்கு மேற்கே துவரங்காட்டில் நின்ற இந்த வண்டியில் செங்கோடன், வையாபுரி, லாரியும் ஓட்டிச் சமையலும் செய்கிற குப்பண்ணன், இவர்கள்தான்.

அடுத்த சீசனுக்கு மூன்று பேர் இரண்டாகிறது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். லாரிக்குக் குப்பண்ணன் கட்டாயம் வேண்டும். ஆகவே வண்டியில் நிற்கப்போவது செங்கோடனா வையாபுரியா என்பதுதான் பாக்கி. மேஸ்திரி யாரை அதிகம் கூப்பிடுகிறதோ அவன் இருப்பான். மற்றவன் ஊருக்குப் போவான். நாற்பத்தேழு வயதில் ஊருக்குப் போய்ச் செங்கோடன் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வையாபுரிக்குக் கை இருந்தது. எல்லாருக்கும் இருப்பது போன்ற கைதான். ஆனால் ராடு நுனியிலுள்ள ஹேமர் பாறையைக் குத்திக்கொண்டு இறங்கும்போது, ராடுகளைத் தாங்கி நிற்கும் டவர் காலில் அவன் வலது உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடினான் என்றால், எண்ணூறு அடிக்குக் கீழே நடப்பதைச் சொல்லிவிடுவான். "வெடிப்பு வருது, நிதானமாப் போ" என்பான். சொன்ன மூன்றாம் நிமிஷம் ஈரத்தூள் மேலே வரும். இதற்கென்று செய்த கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அடிக்கிற அடியில் ஒன்றும் மாசக்கணக்குத் தாங்கவில்லை. கை தாங்கியது.

இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே வண்டி. அத்தனை வருஷமும் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரன் வெட்டும் முதல் இளநீர் வையாபுரிக்குப் போயிற்று. தண்ணீர் பீறிட்டு வந்ததும் அவனைத்தான் கட்டிப்பிடித்தார்கள். செங்கோடனும் ராத்தூக்கம் இல்லாமல் அதே ராடுகளைத்தான் மாட்டினான். அவனை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அவனும் டவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறான். இரும்பு நடுங்கியது. அவ்வளவுதான். எப்போது வைத்தாலும் ஒரே நடுக்கம்.

அவன் எழுத்துப் படித்தது நாற்பத்தொன்றாவது வயதில். மழைக்காலத்தில் வண்டிகள் எல்லாம் ஷெட்டில் நிற்கும்போது ஆபீஸ் மாடியில் வகுப்பு நடத்தினார்கள். ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம் பஸ் போர்டு படிக்க என்றான். உண்மை வேறு. வையாபுரிக்கு எழுத்துத் தெரியாது. வையாபுரிக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான், வீங்கிய விரல்களில் சாக்பீஸைப் பிடித்து இரண்டு மழைக்காலம் மல்லுக்கட்டினான்.

அந்த எழுத்துக்கு இந்த வருஷம் ஒரு மரியாதை வந்தது. சீசன் தொடங்கும்போது ஆபீஸிலிருந்து தமயந்தி போன் செய்தாள். மேஸ்திரிகளைப் பார்த்துக்கொள்கிற பெண். குரலில் எப்போதும் ஒரு பணிவு இருக்கும்.

"அண்ணா, ஒரு வேலை இருக்குதுங்க. வண்டில இருக்கற ஒவ்வொரு சாமானுக்கும் நாலு வரி எழுதித் தரணும். நம்ம வண்டில எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தானுங்க."

"எதுக்கு அம்மிணி? அதுக்குத் தெரியாததா?"

"அது உலகத்துல இருக்கற புஸ்தகம் பூரா படிச்சிருக்குதுங்கண்ணா. ஆனா உங்க வண்டி பம்பை அது பார்த்ததே இல்ல. கேமரா இருந்தும் தூள் பறக்க ஆரம்பிச்சா அதுக்குக் கண்ணு தெரியாது. நீங்க எழுதிக் குடுக்கறத வெச்சுத்தான் எதை எப்பக் கூப்படறதுன்னு முடிவு பண்ணும். மொத வரி, இது என்ன. ரெண்டாவது, என்ன செய்யும். மூணாவது, எப்பக் கூப்படலாம். நாலாவது, எப்பக் கூப்படக் கூடாது. நாலாவதுதானுங்க முக்கியம். அதைத்தான் எல்லாரும் எழுதாம விட்டுடறாங்க."

செங்கோடன் எழுதினான். நுரை பம்புக்கு அவன் கேபினிலிருந்த பலகைத் திரையில் எழுதியது இது: 'நுரை பம்பு. குழியில் அடைத்த ஈரத்தூளை நுரையடித்து மேலே தள்ளும். தூள் மேலே வருவது நின்றால் கூப்பிடு. தண்ணீர் தட்டுப்பட்ட மாதிரி இருந்தால் கூப்பிடாதே, நுரையில் தண்ணீர் தெரியாமல் போய்விடும்.'

தமயந்தி படித்துவிட்டு, "எஞ்சினியருங்க ஒரு பக்கம் எழுதி அனுப்புனாங்கண்ணா. மேஸ்திரிக்குப் புரியல. உங்களுது ஒரே தடவைல புரிஞ்சுக்கிச்சு" என்றாள். அன்றைக்கு முழுக்கச் செங்கோடன் தரையில் நடக்கவில்லை.

அடுத்தது ஆட்கள். மேஸ்திரியின் பட்டியலில் பம்பும் ஹேமரும் ஆளும் ஒன்றுதான். எல்லாமே கூப்பிட்டால் வரவேண்டியவை. வையாபுரியை உட்காரவைத்துச் செங்கோடன் கேட்டான்.

"சொல்லு பங்காளி, உனக்கு என்னென்ன தெரியும்?"

"கை வெச்சுச் சொல்லுவேன். ராடு மாட்டுவேன். அவ்ளோதான்டா."

"எப்பக் கூப்படக் கூடாது?"

"அது நெறைய இருக்குது. இடது காது சுத்தமாக் கேக்காது. கம்ப்ரசர் ஓடுச்சுன்னா சோத்துக்கைப் பக்கமும் பாதிதான். கத்திக் கூப்பட வேண்டாம், மூஞ்சிக்கு நேரா லைட்டு அடிக்கச் சொல்லு. நான் கையத் தூக்கிக் காட்டற வரைக்கும் எதையும் அசைக்க வேண்டாம்னு எழுது. அப்பறம் மணல் தரையில என் கை பொய் சொல்லும். அங்க கேக்க வேண்டாம்."

"இத்தனையும் எழுதுனா உன்னைய எது கூப்படும்?"

"கூப்படாட்டிப் போகுது போ. தெரியாததத் தெரியும்னு சொல்லி ஒருத்தனோட குழி மூடிக்கிச்சுன்னா, அவன் சாபம் உனக்கா எனக்கா?"

செங்கோடன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் எழுதினான். பிறகு தன்னுடையதை எழுதினான். 'போர் வேலை ஆள். எல்லா வேலையும் தெரியும். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.' நான்காம் வரியில், 'ஒன்றும் இல்லை.'

அப்படி எழுதியவனைத்தான் டம்ளர் எடுக்கக் கூப்பிட்டது.

சாயங்காலம் துவரங்காட்டுக்குள் தள்ளிப் போய் நின்று தமயந்திக்குப் போன் போட்டான்.

"ஏனம்மிணி, இந்த மேஸ்திரி என்னைய ஏன் கூப்படறதே இல்ல?"

"உங்க நாலு வரிதானுங்கண்ணா காரணம். எல்லாத்துக்கும் ஆகும்னு எழுதுன சாமானை அது எதுக்குமே எடுக்காது. வேற எதுவும் பொருந்தாதப்பத்தான் எடுக்கும். இதுக்கு ஆகாதுன்னு சொல்லியிருந்தாத்தான், இதுக்கு ஆகும்னு சொல்றதை அது நம்பும்."

"அப்ப எனக்கு என்ன தெரியாதுன்னு நானே ஒரு பட்டியல் போட்டுத் தரணுமா?"

"ஆமாங்க. வையாபுரி அண்ணனுது பாருங்க. நாலாவது வரி எவ்வளவு தெளிவா இருக்குது. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டறோம்."

அதை எழுதியது என் விரல் என்று சொல்ல வந்தவன் போனை வைத்துவிட்டான். எழுத்துக்கூடத் தெரியாதவனின் நான்கு வரி ஆபீஸில் பாடமாக ஓடுகிறது. எழுதியவன் டம்ளர் எடுக்கிறான். எழுத்து என்ற ஒன்றையாவது தனக்கென்று வைத்திருந்தான். அதையும் வையாபுரி கொண்டுபோய்விட்டான்.

மறுநாள் மத்தியானம், மற்ற இருவரும் லாரி நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செங்கோடன் கேபினில் ஏறிப் பலகைத் திரையைத் திறந்து வையாபுரியின் நான்காம் வரியை எடுத்தான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எடுத்தான். மொத்தமாக எடுக்கும் வழி அவனுக்குத் தெரியாது. வெறுமையான இடத்தில், 'ஒன்றும் இல்லை' என்று அடித்தான்.

வையாபுரி கெட்டுப் போகட்டும் என்று அவன் நினைக்கவில்லை. அவனும் என்னைப் போலவே ஆகட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

ஒன்றை மறந்துவிட்டான். ஒரு ஆளின் குறிப்பில் எதையாவது மாற்றினால், மறுநாள் வேலை தொடங்கும் முன் மேஸ்திரி அந்த ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிச் சம்மதம் கேட்கும். விதி அது. காலையில் கம்ப்ரசர் சூடேற உறுமிக்கொண்டிருந்தது. வையாபுரி ஒலிபெருக்கிக்கு இடப்பக்கம் காட்டி நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"வையாபுரி. உங்கள் குறிப்பில் நான்காம் வரி நீக்கப்பட்டிருக்கிறது. இனி உங்களுக்கு விளக்குக் காட்ட வேண்டியதில்லை, நீங்கள் கை தூக்கும்வரை நிறுத்த வேண்டியதில்லை, மணல் தரையிலும் கேட்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். சரியா?"

பத்தடி தள்ளி ராடுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த செங்கோடன், தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவினான்.

வையாபுரி தண்ணீரைத் துப்பினான். ஏதோ சத்தம் என்று பெட்டிப் பக்கம் திரும்பினான். தலையாட்டினான்.

போர் வண்டியில் இருபது வருஷம் நின்று காது போன எவனும் தலையாட்டுவான். டீ வேண்டுமா என்றாலும் தலையாட்டுவான், உன் வீடு எரிகிறது என்றாலும் தலையாட்டுவான். திரும்பத் திரும்ப, என்ன, என்ன என்று கேட்டு எதிராளியின் முகம் சுளிப்பதைப் பார்ப்பதைவிட ஒரு தலையாட்டலில் முடித்துவிடுவது சுலபம். செங்கோடனுக்கு அது தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது. அதை யாரும் அதற்கு எழுதித் தரவில்லை.

"பதிவு செய்தேன்," என்றது மேஸ்திரி.

செங்கோடன் அடுத்த ராடுக்குக் கிரீஸை அள்ளினான்.

அடுத்த மூன்று நாளும் அவன் நினைத்தது வேறு வழியில் நடந்தது. மற்ற மூன்று வரியும் தெளிவாக இருந்ததால் மேஸ்திரி வையாபுரியைத் தடையில்லாமல் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டது. பாதி அவன் காதில் விழவில்லை. விழாதபோது செங்கோடனைக் கூப்பிட்டது. ஒரு நாள் ஆறு தடவை. மறுநாள் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் செங்கோடன் ஓடினான். ஆற்றோரக் காட்டில் இருபது அடிக்கு வெறும் மணலாக இருந்த இடத்தில், கை வைக்கச் சொல்லி மேஸ்திரி வையாபுரியைக் கேட்டது.

"இங்க கேக்காதேன்னு சொல்லியிருந்தனே. இதுக்கும் வயசாயிருச்சாட்ட இருக்குது" என்று வையாபுரி சிரித்தான்.

"ஆமாமா, ஆயிருச்சாட்ட இருக்குது" என்று செங்கோடனும் சிரித்தான்.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு வையாபுரி டவர் காலில் வலது கையைப் பதித்துக் கண்ணை மூடி நின்றான். ராடுகளைத் தூக்கிக் கொடுக்கும் இரும்புக் கரமான ராடு தூக்கி, அடுத்த ராடை எடுத்துக்கொண்டு இடப்பக்கமிருந்து திரும்பத் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு முன்பென்றால் அவன் முகத்துக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், அவன் கையைத் தூக்கும்வரை ராடு தூக்கி அசைந்திருக்காது. இப்போது மேஸ்திரி, "வையாபுரி, விலகுங்கள்" என்று மூன்று தடவை சொன்னது. நல்ல சத்தமாகத்தான் சொன்னது. செங்கோடன் கூடக் கத்தினான். கத்திக்கொண்டே ஓடினான். கம்ப்ரசர் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தக் கை அகப்பட்டது.

ராய்ச்சூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். மணிக்கட்டு சேர்ந்துவிடும், மூன்று விரல் இனி மடங்காது, உள்ளங்கையில் உணர்ச்சி வருவது சந்தேகம் என்றார்கள். ஊருக்குத் திரும்பும் லாரி வரும்வரை வையாபுரியைக் கட்டு போட்ட கையோடு வண்டிக்கே கூட்டிவந்து ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தார் குப்பண்ணன். அவரே ஊட்டியும் விட்டார்.

"இடது கைல சாப்புட்டுக்குவேன் மாமா. என்ன சின்னப் புள்ளையா நான்."

"வாயத் தொற. மேல பேசுனா ரசத்த மூக்குல ஊத்திப்புடுவேன்."

செங்கோடன் அந்தப் பக்கம் போகவில்லை. அவனுக்கு வேலை இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் மேஸ்திரி அவனைத்தான் கூப்பிட்டது. அன்று ஒரு புதுக்குழி. காட்டுக்காரியம்மா கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தாள். தொண்ணூறு அடியில் மேஸ்திரி சொன்னது:

"செங்கோடன். கை வைக்கவும். கெட்டிப் பாறை வந்துவிட்டதா? கேசிங் பைப்பை இங்கேயே நிறுத்தலாமா?"

இருபத்திரண்டு வருஷம் அவன் காத்துக்கிடந்த சொல். போனான். வையாபுரி வைக்கிற அதே உயரத்தில் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடினான். இரும்பு நடுங்கியது. எப்போதும் போல, வெறும் நடுக்கம். காட்டுக்காரியம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் வையாபுரியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாறைதான்," என்றான் செங்கோடன். "நிறுத்தலாம்."

அது பாறை இல்லை. பாறை மாதிரி இறுகிய மண். மண் சரியாமல் தாங்க இறக்கிய பைப் நின்ற இடத்துக்குக் கீழே அது கரைந்து சரிந்து, சாயங்காலத்துக்குள் குழி தன்னைத் தானே மூடிக்கொண்டது. காட்டுக்காரியம்மா யாரையும் திட்டவில்லை. உடைத்த தேங்காய் மூடிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

கட்டிலிலிருந்தே அது பாறை இல்லை என்று வையாபுரிக்குத் தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு வந்ததும், வெட்கத்தையும் முந்திக்கொண்டு பழைய எரிச்சல்தான் செங்கோடனுக்குக் கிளம்பியது.

மறுநாள் காலை தமயந்தி போன் செய்தாள்.

"வையாபுரி அண்ணன் விஷயம் முடிச்சுட்டாங்கண்ணா. தப்பு அவரோடதுன்னு எழுதியாச்சு. இனி எந்த வண்டிலயும் அவரை ஏத்தக் கூடாதுன்னு போட்டுட்டாங்க."

"அவனோட தப்பா? எப்படி?"

"பாதுகாப்பு வரிய எடுத்ததுக்கு அவரே சம்மதம் சொல்லியிருக்காருங்க. தலையாட்டுன படம் இருக்குது, நானும் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத்தான் எழுதத் தெரியாதேன்னு நானும் கேட்டேனுங்கண்ணா. எடுத்தது யாருங்கறதுக்கு அந்தப் படிவத்துல எடமே இல்ல. சம்மதம் இருக்குதா இல்லையா, அவ்வளவுதான் கேக்குது."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. செங்கோடனும் சொல்லவில்லை. போனை வைத்தபின் வெகுநேரம் துவரைச் செடிகளுக்கு நடுவில் நின்றான். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வண்டி அவனுடையது. அடுத்த சீசன் அவனுடையது. கேட்கிறதற்கே இடமில்லாத கேள்விக்கு அவன் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

கட்டிலில் வையாபுரி இடது கையால் பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். தீக்குச்சி மூன்று வீணாயிற்று. நான்காவதில் பற்றியது. பற்றியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தனக்குத் தானே ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டான்.

இப்படி எல்லாம் போனபிறகும் சிரிக்க இவனிடம் ஏதோ இருக்கிறது. என்னிடம் வண்டியே இருக்கிறது, அது இல்லை. செங்கோடனுக்குத் தாங்கவில்லை. கேபினில் ஏறிப் பலகைத் திரையைத் திறந்தான். வையாபுரியின் பக்கத்தை அல்ல, தன்னுடையதை.

எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாவதில், 'எல்லா வேலையும் தெரியும்' என்பதை எடுத்தான். அப்புறம் என்னதான் தெரியும் என்று பார்த்தால் அதிகம் தேறவில்லை. ராடு மாட்டுவது. நுரை பம்பு. கிரீஸ் போடுவது. போர் வண்டி ஆளில் அபூர்வமாக இரண்டு காதும் கேட்பது. எழுத வேறு இல்லாததால் அதையும் எழுதினான். நான்காம் வரிக்கு வந்தபோது கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வந்து எழுதினான்.

முடித்ததும், மறுநாள்வரை வேண்டாம், இப்போதே படி என்று அவன் சொல்ல, மேஸ்திரி தன் வழக்கப்படி சொல்லத் தொடங்கியது. கம்ப்ரசர் ஓடாத காட்டில் அதன் குரல் நெடுந்தூரம் போயிற்று.

"செங்கோடன். உங்கள் குறிப்பு மாற்றப்பட்டிருக்கிறது. படிக்கிறேன். போர் வேலை ஆள். ராடு மாட்டத் தெரியும், நுரை பம்பு தெரியும், கிரீஸ் போடத் தெரியும், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அந்த வேலைகளுக்குக் கூப்பிடலாம். கை வைத்துச் சொல்லக் கூப்பிடக் கூடாது, தெரியாது, நேற்றுச் சொன்னது பொய். அடுத்தவர் குறிப்பை எழுதக் கூப்பிடக் கூடாது. வையாபுரியின் நான்காம் வரியை எடுத்தது இவர்தான். பொறாமையில் எடுத்தார். வையாபுரி தலையாட்டியது காது கேட்காமல் ஆட்டியது. இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரியா?"

செங்கோடன் தலையாட்டினான்.

"விபத்துக்குப் பிறகு விதி மாறியிருக்கிறது. தலையசைப்புப் போதாது. வாயால் சொல்லவும்."

குப்பண்ணன் கையில் கரண்டியோடு லாரிக்குப் பின்னாலிருந்து வந்து நின்றார். வையாபுரி கட்டிலில் வலது காதை இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

"சரி," என்றான் செங்கோடன்.

"பதிவு செய்தேன்."

வையாபுரி பீடியைக் கட்டில் காலில் நசுக்கி அணைத்தான்.

"என்னிக்கு எடுத்தே?"

"ஆத்தோரத்துக்குப் போறதுக்கு முந்தி. மத்தியானம். நீங்க ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு இருந்தீங்க."

"தக்காளிச் சோறு செஞ்ச அன்னிக்கா?"

"ஆமா."

"உன் தட்டுல போட்டு மூடி வெச்சிருந்தேன். ஈ மொய்க்குதுன்னு."

"ஆமா. சாப்புட்டேன்."

வையாபுரி கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அதன்பின் அன்றைக்கு முழுக்க அவன் செங்கோடனிடம் பேசவில்லை. குப்பண்ணன் சாயங்காலம் செங்கோடனின் தட்டை வைத்தார். வைத்த சத்தத்தில் அவர் சொல்ல நினைத்த எல்லாம் இருந்தது.

ஆபீஸிலிருந்து மறுநாளே செய்தி வந்துவிட்டது. வையாபுரி மீது போட்ட தடையை எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை லாரியில் புது ஆள் வருவார், அதே லாரியில் செங்கோடன் ஊருக்குப் போக வேண்டும். இடையில் மூன்று நாள். வண்டியைச் சும்மா நிறுத்தமாட்டார்கள், மூடிப்போன குழிக்குப் பக்கத்திலேயே காட்டுக்காரியம்மாவுக்கு வேறு குழி இறக்கித் தர வேண்டும்.

எண்பது அடியில் மேஸ்திரி ஹேமரை நிறுத்தியது. வையாபுரியின் முகத்துக்கு நேராக விளக்கு எரிந்தது. அவனுடைய நான்காம் வரியைத் தமயந்தி பழையபடி போட்டிருந்தாள்.

"வையாபுரி. இடது கையால் சொல்ல முடியுமா?"

"தெரியாது," என்றான் அவன். "வெச்சுப் பாக்கறேன். ஆனா அந்தப் பக்கமாத் திரும்பி நின்னா உன் லைட்டு எனக்குத் தெரியாது. அதையும் எழுதிக்க."

மேஸ்திரி பட்டியலைப் புரட்டுகிறது என்று செங்கோடனுக்குத் தெரிந்தது. பம்பு, ஹேமர், பைப், ஆள்.

"செங்கோடன்."

தன்னையா என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"வையாபுரியின் இடப்பக்கம் நிற்கவும். ராடு தூக்கி நகரும் முன் உங்களுக்குச் சொல்வேன். அவர் தோளைத் தொடவும். நீங்கள் அவரை விலக்கிவிட்டுக் கை தூக்கியதும்தான் அது நகரும்."

செங்கோடன் போய் நின்றான். வையாபுரி அவனைப் பார்க்கவில்லை. தள்ளிப் போ என்றும் சொல்லவில்லை. இடது உள்ளங்கையை டவர் காலில் வைத்தான். தோதாக இல்லை, கொஞ்சம் மேலே நகர்த்தினான். கண்ணை மூடினான்.

கம்ப்ரசர் உறுமி ஹேமர் இறங்கியது. தூள் எழும்பி இருவரையும் மூடியது. ஒரு சாண் தூரத்தில் அந்த முகத்தைச் செங்கோடன் பார்த்தான். தனக்கு என்றைக்கும் கேட்கப் போகாத எதையோ கேட்டுக்கொண்டிருந்த முகம். அந்த இடது கைக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது. பொறாமை போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டே நின்றான்.

"செங்கோடன்," என்றது மேஸ்திரி.

அவன் தோளைத் தொட்டான்.